நாயும் கோழியும் ஒரே வாசலில்

தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்து வாசலில் கோழி வளர்ப்பவர்களுக்குக் கீரியைவிடப் பெரிய தலைவலி சொந்த வீட்டு நாய்தான். கோழி சிறகடித்து ஓடினால் போதும், நாய்க்குத் துரத்தும் புத்தி வந்துவிடும், அதனால் முதலில் கோழிகளைக் கம்பிவலைக்குள் விட்டுவிட்டு, நாயை ரோட்டில் நன்றாக நடத்திக் களைக்கவைத்து, சாப்பாட்டுக்கு முன்பே கயிற்றில் பிடித்துக் கம்பிவலையிலிருந்து தள்ளி உட்காரவையுங்கள். காது விறைத்து, வாயை மூடி, கண் கோழிமேலேயே குத்தி நிற்கிறதா? கிட்டப் போய்விட்டீர்கள், நாலு எட்டு பின்னால் வாங்க. பெயரைக் கூப்பிட்டதும் உங்களைத் திரும்பிப் பார்த்தால் அந்த நொடியே அவித்த ஈரலில் ஒரு சின்னத் துண்டு. ஒரு தடவைக்குப் பத்து நிமிடம் போதும், மழை இருட்டுவதற்கு முன் காலையிலேயே முடித்துவிடலாம். தூரத்தை மெல்ல மெல்லக் குறையுங்கள், அப்புறம் நீளக் கயிற்றில் விட்டுப் பழக்குங்கள்.

செத்த கோழியை நாயின் கழுத்தில் கட்டிவிடச் சொல்வார்கள் சிலர், நாற்றம்தான் மிச்சம். கோழி வெட்டும் நாளில் குடலை நாய்க்கு எறியவும் வேண்டாம். குஞ்சு பொரித்திருந்தாலோ, எல்லோரும் கொழுந்தெடுக்கப் போய் வீட்டில் ஆளில்லை என்றாலோ, எவ்வளவு சாதுவான நாயாக இருந்தாலும் சரி, கூட்டைப் பூட்டிவிட்டே போங்கள்.