தரங்கம்பாடியை வாசலிலிருந்து நடந்து பாருங்கள்

தரங்கம்பாடிக்குப் போகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் நேராகக் கோட்டைக்கு எதிரில் வண்டியை நிறுத்தி, கடலோடு சேர்த்து நாலு போட்டோ எடுத்துவிட்டு, திருக்கடையூரில் நடை சாத்திவிடுவார்கள் என்று கிளம்பிவிடுகிறார்கள். கோட்டையைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மயிலாடுதுறை, காரைக்கால், சிதம்பரம், எங்கிருந்து வந்தாலும் பஸ் உண்டு. மெயின் ரோட்டில் இறங்கி கடல் பக்கம் நடந்தால் ஒரு வெள்ளை வளைவு வாசல் வரும். 1792-ல் திரும்பக் கட்டியது. ஊரைச் சுற்றி நின்ற மதில் பெரும்பாலும் போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது. அங்கிருந்து ராஜா தெரு நேராகக் கடலுக்குப் போகும்.

ஒரு விஷயம், இந்த வாசலையும் கோட்டையையும் கட்டியவர்கள் டச்சுக்காரர்கள் இல்லை. டச்சுக்காரர்கள் நாகப்பட்டினத்தில் இருந்தவர்கள். இது டென்மார்க்காரர்களின் ஊர். 1620-ல் ஓவே கெட்டே என்ற தளபதி வந்து தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் போட்டு, மிளகு வியாபாரத்துக்காக இடம் வாங்கினார். நாயக்கர் டென்மார்க் ராஜாவுக்குத் தங்க ஓலையில் தமிழில் எழுதிய கடிதம் இன்றும் கோபன்ஹேகனில் இருக்கிறது.

தெருவில் இரண்டு தேவாலயங்கள். சீயோன் ஆலயம் 1701-ல் ஐரோப்பியர்களுக்காகக் கட்டியது. புதிய எருசலேம் ஆலயம் 1718-ல் சீகன்பால்கு என்ற மதபோதகர் தமிழ்க் கிறிஸ்தவர்களுக்காகக் கட்டியது, முகப்பில் டென்மார்க்கின் நாலாம் பிரடெரிக் ராஜாவின் முத்திரை தெரியும். இங்கே அவசரப்படாதீர்கள். சீகன்பால்கு டென்மார்க்காரர் இல்லை, ஜெர்மானியர். அந்த ராஜா அனுப்பி 1706-ல் இங்கே கரை இறங்கி, சின்னப் பிள்ளைகளோடு மணலில் உட்கார்ந்து அ, ஆ எழுதிப் பழகினார். 1712-ல் அச்சு இயந்திரம் வந்தது. ஜெர்மனியில் வார்த்து அனுப்பிய தமிழ் எழுத்துகள் ரொம்பப் பெரிசு, காகிதத்தைத் தின்றன. அதனால் சின்ன எழுத்துகளை இங்கேயே வார்த்து, 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்து முடித்தார்கள். பக்கத்துப் பொறையாரில் காகிதப் பட்டறையும் வைத்தார்கள். 36 வயதில் இறந்த அவருடைய கல்லறை ஆலயத்துக்குள்ளேயே இருக்கிறது. ஞாயிறு காலை போனால் ஆராதனை முடியும்வரை வெளியே நில்லுங்கள்.

அப்புறம் கோட்டை, டான்ஸ்போர்க். கீழே கிடங்குகளும் சிறை அறைகளும், மேலே கவர்னரும் பாதிரியாரும் இருந்த அறைகள், இப்போது அருங்காட்சியகம். மேல்மாடியைப் பார்த்துவிட்டுத் திரும்பாமல் கீழேயும் போங்கள். ராஜாவே அனுப்பிய சீகன்பால்குவை ராஜாவின் அதிகாரியே பிடித்து நாலு மாதம் அடைத்துவைத்த கோட்டை இதுதான். எதிர்ப்பக்கம் கவர்னர் பங்களா, வெளியிலிருந்து பார்த்தாலே போதும்.

கோட்டையிலிருந்து கரையோரமாக வடக்கே நடந்தால் மாசிலாமணிநாதர் கோயில். டென்மார்க்காரர்கள் வருவதற்கு முந்நூறு வருஷம் முன்னால், 1306-ல் குலசேகர பாண்டியன் காலத்துக் கோயில். முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. 2004 சுனாமி இந்த ஊரையும் விடவில்லை. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகள் வழுக்கும், பிள்ளைகளை ஏறவிடாதீர்கள்.

1845-ல் டென்மார்க்காரர்கள் இந்த ஊரை, வங்காளத்தில் தங்களிடமிருந்த செராம்பூரையும் சேர்த்துப் பன்னிரண்டரை லட்சம் ரூபாய்க்கு இங்கிலீஷ்காரர்களிடம் விற்றுவிட்டார்கள். பிறகு ரயில் நாகப்பட்டினத்துக்கு வந்ததும் வியாபாரம் அங்கே போய்விட்டது. இந்தத் தெரு இடிக்கப்படாமல் தப்பியது அதனால்தான் என்பது என் எண்ணம்.

தை, மாசியில் காலையிலேயே வந்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மழை நடக்கவிடாது, சித்திரையில் பத்து மணிக்கு மேல் தெருவில் தலை காட்ட முடியாது. ஊருக்குள் கடைகள் குறைவு, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொறையார் போய்விடுவது நல்லது.