மலைப்பாதையில் ஓடும் கெப் வண்டி: முன் பிரேக் டிஸ்கை அளப்பதும் மாற்றுவதும்

நுவரெலியா நகரம் கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இறம்பொடை, புசல்லாவை வழியாக இறங்கிக் கம்பளையை அடையும்போது வண்டி ஏறத்தாழ 1400 மீற்றர் கீழே வந்துவிடுகிறது. லீக்ஸ், கரட் மூட்டைகளோடு மொத்தம் இரண்டரைத் தொன் எடையுள்ள ஒரு டபுள் கெப் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், நூறு லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்கப் போதுமானது. அதில் ஒரு பங்கை எஞ்சினும் காற்றும் டயர்களும் வாங்கிக்கொள்கின்றன. மிச்சம் பிரேக்குகளில், அதிலும் பெரும்பங்கு முன்சக்கரங்களில் உள்ள டிஸ்க் எனப்படும் இரண்டு வார்ப்பிரும்புத் தட்டுகளில் போய் இறங்குகிறது. சமதரையில் ஓடும் வண்டியின் டிஸ்க் தேய்ந்து சாகும். நம் பக்கத்து வண்டியின் டிஸ்க் பெரும்பாலும் வெந்து சாகும். ஆகவே ‘இத்தனை கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்று’ என்ற கணக்கு இங்கே உதவாது. அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஓட்டும்போதே தெரியும் அறிகுறிகள் சில உண்டு. இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குவதும், மிதி காலுக்கடியில் துடிப்பதும் டிஸ்கின் தடிப்பு சுற்றிவர ஒரே சீராக இல்லை என்பதைக் காட்டுகின்றன. டிஸ்க் கோணிவிட்டது என்று சொல்வது கராஜ் வழக்கம். ஆனால் வார்ப்பிரும்பு அவ்வளவு எளிதில் கோணுவதில்லை. கொதிக்கும் டிஸ்கை ஒரே இடத்தில் பிடித்தபடி வண்டி நிற்கும்போது, டிஸ்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் பேட் தன் பொருளை அங்கே அப்பிவிடுவதாலோ, சக்கரத்தின் நடுவிலுள்ள ஹப்பின்மீது நேராக அமராத டிஸ்க் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் பேட்டை உரசித் தேய்வதாலோதான் பெரும்பாலும் அந்தச் சீரின்மை உண்டாகிறது.

இறக்கத்தின் நடுவில் மிதி பஞ்சுபோலாகிக் கீழே போவது வேறு சங்கதி. அது டிஸ்கின் குற்றமன்று. பிரேக் ஒயில் ஈரத்தை உறிஞ்சி, சூட்டில் கொதித்து, குழாய்க்குள் ஆவிக்குமிழிகள் உண்டாகிவிட்டன என்று கொள்ள வேண்டும். டொட் 3 வகை ஒயில் புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 205 பாகை செல்சியஸ். ஈரமேறிய நிலைக்கான தரவரம்போ 140 பாகைதான். டொட் 4 வகைக்கு இவை 230, 155. டிஸ்க் மாற்றும் நாளிலேயே ஒயிலையும் மாற்றிவிடுவது என் வழக்கம்.

சக்கரத்தைக் கழற்றியபின் முதலில் கண்ணால் பாருங்கள். குளிர் ஊர்களில் இரவு நின்ற வண்டியின் டிஸ்கில் காலையில் படிந்திருக்கும் செம்பழுப்புத் துருவைப் பொருட்படுத்த வேண்டாம், நாலைந்து தடவை பிரேக் பிடித்தால் அது போய்விடும். நீலம் பாய்ந்த திட்டுகள் டிஸ்க் அளவுக்கு மீறிச் சூடாகியிருப்பதைச் சொல்கின்றன. மேற்பரப்பில் மயிரிழை போன்ற கீறல்கள் இருந்தால் கவனித்து வரலாம். ஆனால் ஒரு விரிசல் வெளி விளிம்பை எட்டியிருந்தாலோ, விரல் நகம் அதில் மாட்டினாலோ, தடிப்பு எவ்வளவு மிச்சமிருந்தாலும் அந்த டிஸ்கைத் தூக்கி எறிய வேண்டும். வெளிமுகத்தை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்தியடைவது பலரும் செய்யும் தவறு. தோட்டத்து மண் பாதையின் சேறும் மணலும் அதிகம் தங்குவது உட்பக்கத்தில். வெளியே பளபளக்கும் டிஸ்கின் உள்முகம் ஏர் உழுத நிலம்போல் கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

அடுத்தது அளவு. எவ்வளவுக்குக் கீழே தேயக்கூடாது என்ற எண் டிஸ்கின் நடுவே மேடாக உள்ள தொப்பிப் பகுதியிலோ விளிம்பிலோ மில்லிமீற்றரில் வார்க்கப்பட்டிருக்கும். துருவைக் கம்பித் தூரிகையால் தேய்த்தால் தெரியும். புதிய தடிப்பு 25, எல்லை 23 என்று இருந்தால், இரு முகங்களும் சேர்ந்து தேயக்கூடியது வெறும் இரண்டு மில்லிமீற்றர்தான். வர்னியர் அளவுகோலை அப்படியே வைத்து அளந்தால் அதன் தாடைகள் தேயாத விளிம்பு வரம்பின்மீது உட்கார்ந்து பொய் சொல்லும். ஒரே மாதிரியான இரண்டு ஐந்து ரூபாய் நாணயங்களை எடுத்து, முதலில் அவ்விரண்டையும் சேர்த்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பேட் உரசும் பகுதியில் இரு முகங்களிலும் ஒவ்வொன்றாக வைத்து, நாணயங்களோடு சேர்த்து அளந்து, முன்பு குறித்ததைக் கழித்துவிடுங்கள். இந்த முறை தடிப்பு எல்லைக்குள் இருக்கிறதா என்று அறியப் போதும். நடுக்கத்தின் காரணத்தைத் தேடுவதானால் மைக்ரோமீட்டர் வேண்டும்: விளிம்பிலிருந்து ஒரு சென்ரிமீற்றர் உள்ளே, சுற்றிவர எட்டு இடங்களில் அளக்கும்போது 0.02 மில்லிமீற்றர் வேறுபாடுகூடக் காலுக்குத் தெரியும் நடுக்கமாக மாறக்கூடும்.

டிஸ்க் ஏன் இவ்வளவு விரைவில் போனது என்று கேட்காமல் புதியதைப் பூட்டினால் பணம்தான் வீண். ஒரு பக்க டிஸ்க் மட்டும் வெந்திருந்தால் பேட்களை டிஸ்கின்மீது அழுத்தும் கெலிப்பர் அந்தப் பக்கத்தில் வழுக்கி நகர்வதற்கான ஸ்லைட் பின் காய்ந்து இறுகியிருக்கும், அல்லது பிஸ்டன் திரும்பி வராமல் ஒட்டியிருக்கும். இரு பக்கமும் சமமாக வெந்திருந்தால் ஓட்டும் முறையைப் பாருங்கள்: ஏறுவதற்குப் போட்ட கியரிலேயே இறங்க வேண்டும் என்று பழைய லொறிச் சாரதிகள் சொல்வது இன்றைக்கும் சரி.

இவற்றைவிட யாரும் சந்தேகிக்காத காரணம் ஒன்றுண்டு. பல கெப் வண்டிகளில் பின்பிரேக்குக்குப் போகும் அழுத்தத்தைப் பாரத்துக்கேற்பக் கூட்டிக் குறைக்கும் வால்வு ஒன்று, பின் அச்சுக்கும் சேசிக்கும் இடையே ஒரு சிறு தண்டால் இணைக்கப்பட்டிருக்கும். பாரம் ஏறிச் சேசி தாழ்ந்தால் பின்பிரேக்குக்கு அழுத்தம் கூடும். மரக்கறி ஏற்றுவதற்காகப் பின் வில்லில் இரண்டு தகடு கூடுதலாகப் போட்ட வண்டியில் பாரம் ஏறினாலும் சேசி தாழாது; வண்டி வெறுமையாக இருப்பதாகவே அந்த வால்வு எண்ணிக்கொண்டு, பின்பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். வேலை முழுவதும் முன் டிஸ்குகளின் தலையில் விழும். வில்லை உயர்த்திய வண்டியில் இந்த வால்வைத் திருத்தி அமைக்காமல் முன் டிஸ்கை எத்தனை முறை மாற்றினாலும் கதை ஒன்றுதான்.

லேத்தில் கடைந்து திரும்பப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. கடைந்தபின்னும் எல்லைக்கு மேலே ஓரளவு தடிப்பு மிஞ்சுமானால் போடலாம்தான். ஆனால் மெலிந்த டிஸ்க் விரைவில் சூடாகும் என்பதால் பாரம் ஏற்றி மலை இறங்கும் வண்டிக்கு நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் பழைய டிஸ்க் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்குவதானால் நாணயங்களையும் வர்னியரையும் சட்டைப்பையில் கொண்டுபோங்கள். புதியதோ பழையதோ, இரு பக்கமும் சோடியாகவே மாற்ற வேண்டும். பேட்களும் புதியவையாக இருக்க வேண்டும்.

வேலையைச் சமமான கொங்கிரீட் தரையில் மட்டுமே செய்யுங்கள். நம் வீட்டு வாசல்கள் பெரும்பாலும் சரிவானவை என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்: சரிவில் ஜாக் சாய்ந்தால் பிடிக்க யாராலும் முடியாது. பின்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்து, வீல் நட்களைத் தரையிலேயே இளக்கி, ஜாக்கில் தூக்கிய பிறகு சேசிக்கு அடியில் ஸ்டாண்ட் வைத்து இறக்குங்கள். சக்கரத்துக்குள் படிந்திருக்கும் கருந்தூளை ஊதவோ காற்றடிக்கவோ கூடாது. ஈரத் துணியால் துடைத்தெடுங்கள். பிறகு கெலிப்பரையும் அதன் தாங்கியையும் கழற்றி, கெலிப்பரைக் கம்பியால் வில்லிலோ மேற்கையிலோ கட்டித் தொங்கவிட வேண்டும். ரப்பர்க் குழாயில் தொங்கவிட்டால் குழாய் உள்ளே கிழிந்து, வெளியே ஒன்றும் தெரியாமல், பின்னொரு நாள் பழிவாங்கும். கெலிப்பர் கழன்றிருக்கும் நேரத்தில் பிள்ளைகள் யாரும் வண்டிக்குள் ஏறி மிதியை மிதித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் வெளியே வந்து விழுந்துவிடும்.

புதிய தலைமுறை வண்டிகளில் டிஸ்க், வீல் நட்கள் ஏறும் புரித்தண்டுகளான வீல் ஸ்டட்களின் மேலாக வெளியே வந்துவிடும். துருப்பிடித்து இறுகியிருந்தால், டிஸ்கின் தொப்பியில் உள்ள இரண்டு புரி வெட்டிய துளைகளில் பொருத்தமான போல்ட்களை மாறி மாறி முறுக்குங்கள். பல வண்டிகளுக்கு 8 மில்லிமீற்றர் போல்ட் சரியாக இருக்கும். சுத்தியலால் ஓங்கி அடித்தால் அடி பேரிங்கில் போய்ச் சேரும். பழைய நான்குசக்கர இழுவை வண்டிகள் பலவற்றில் டிஸ்க் ஹப்பின் பின்புறம் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். அவற்றில் ஹப்பையே கழற்றி, பேரிங்கில் புது கிரீஸ் அடைத்து, புது சீல் போட்டு, இறுக்கத்தைச் சரியாக அமைக்க வேண்டும். அந்த அனுபவம் இல்லாதவர்கள் அதைக் கைதேர்ந்தவரிடம் விடுவது நல்லது.

இனி வருவதுதான் வேலையின் உயிர். சில வருடங்களுக்கு முன் என் வண்டிக்கு ஒரு கராஜில் புது டிஸ்க் போட்டேன். இரண்டாவது மாதமே நடுக்கம் திரும்பி வந்தது. டிஸ்க் மட்டமானது என்று நான் ஏசிக்கொண்டிருந்தபோது, வயதான மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றி ஹப்பின் முகத்தில் விரலை ஓட்டிவிட்டு, “தம்பி, டிஸ்க் கோணல் இல்ல, கோணலா உட்கார்ந்திருக்கு” என்றார். ஒரு ஸ்டட்டின் அடியில் மிளகாய் விதையளவு துருச் செதில் ஒன்று ஒட்டியிருந்தது. 150 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஹப் முகத்தின் ஓரத்தில் 0.1 மில்லிமீற்றர் செதில் இருந்தால், 300 மில்லிமீற்றர் டிஸ்கின் விளிம்பில் அது 0.2 மில்லிமீற்றர் ஆட்டமாகிறது. வழக்கமாக அனுமதிக்கப்படுவதோ 0.05 முதல் 0.1 வரைதான்.

ஆகவே ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையாலும் மணற்தாளாலும் வெறும் உலோகம் தெரியும்வரை தேய்த்து, ஒவ்வொரு ஸ்டட்டின் அடியையும் தனித்தனியே சுரண்டிச் சுத்தம் செய்யுங்கள். புதிய டிஸ்கில் துருப்பிடிக்காமலிருக்கப் பூசிய எண்ணெயைப் பிரேக் கிளீனரால் கழுவுங்கள். மண்ணெண்ணெய் கூடாது, அது மெல்லிய எண்ணெய்ப் படலத்தை விட்டுச்செல்லும். டிஸ்கை ஏற்றி, எல்லா வீல் நட்களாலும் வாஷர் வைத்து இறுக்கி, நுண்ணிய அசைவை முள்ளால் காட்டும் டயல் கேஜால், டிஸ்கைச் சுழற்றி ஆட்டத்தைப் பாருங்கள். வரம்பை மீறினால் டிஸ்கை ஒரு ஸ்டட் தள்ளிச் சுழற்றி வைத்து மீண்டும் அளக்கலாம். பெரும்பாலும் ஏதோ ஒரு நிலையில் சரியாகிவிடும்.

பிஸ்டனை உள்ளே தள்ளும்போது மேலே ஒயில் தொட்டி நிரம்பி வழியக்கூடும். பெயின்ரில் பட்டால் உரித்துவிடும், கவனம். ஸ்லைட் பின்களைத் துடைத்து, பிரேக்குக்கென்றே உள்ள சிலிக்கன் கிரீஸ் தடவிப் பூட்டுங்கள். சாதாரண கிரீஸ் ரப்பரை உப்பவைத்துப் பின்னை இறுக்கிவிடும். வீல் நட்களைக் காற்றுத் துப்பாக்கியால் அடிக்காமல், குறுக்காக மாற்றி மாற்றி, டோர்க் ஸ்பேனரில் வண்டியின் கையேடு சொல்லும் அளவுக்கு இறுக்குங்கள். வண்டியை நகர்த்துமுன் மிதி கெட்டியாகும்வரை பலமுறை மிதிப்பதை மறந்துவிட வேண்டாம். முதல் மிதி வெறுமையாகத் தரைக்குப் போகும்.

புதிய டிஸ்கோடு நேராக இறம்பொடை இறக்கத்தில் இறங்காதீர்கள். நுவரெலியாவில் இருப்பவர்கள், குதிரைகளும் சுற்றுலாக்காரர்களும் வருவதற்கு முன் அதிகாலையில் கிரகரி வாவியோரச் சமதரையைப் பயன்படுத்தலாம்: 50 கிலோமீற்றர் வேகத்திலிருந்து 10 வரை மிதமாகக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல், இடையில் ஆறவிட்டுப் பத்துத் தடவை செய்தால் பேட்டின் பொருள் டிஸ்கில் சீராகப் படியும். நூறு கிலோமீற்றர் ஓடியபின் வீல் நட்களை மீண்டும் சரிபாருங்கள். முதன்முதலாகப் பாரத்தோடு இறங்கிக் கம்பளையில் நிறுத்தும்போது, தொடாமல், இரு முன்சக்கரங்களின் அருகிலும் உள்ளங்கையை நீட்டிப் பாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அனல் அடித்தால் அந்தப் பக்கத்துக் கெலிப்பரை மறுபடியும் திறக்க வேண்டும்.