சர்க்கரை இறங்கினால் முதலில் தடுமாறுவது மூளை

வீட்டில் சர்க்கரை நோயுள்ள பெரியவர் இருந்தால், எண் 300-ஐத் தாண்டினால்தான் நமக்குப் பதற்றம். 60-க்கு இறங்குவதை யாரும் பெரிதாக எடுப்பதில்லை. உடல் எடையில் மூளை சுமார் 2 சதவீதம்தான். ஆனால் உடல் செலவழிக்கும் ஆற்றலில் ஐந்தில் ஒரு பங்கு அதற்குப் போகிறது. அதற்கான குளுக்கோஸை மூளையால் அதிகம் சேமித்து வைக்கவும் முடியாது.

சாயங்காலம் அம்மா சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார், காரணமில்லாமல் எரிந்து விழுகிறார். "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறோம். நான் மிகவும் அஞ்சும் தவறு இதுதான். வியர்வையும் கைநடுக்கமும் வந்தால்தான் லோ சுகர் என்றில்லை. பல வருடம் சர்க்கரை நோயோடு இருந்தவர்களுக்கு அந்த அறிகுறிகள் மங்கிப்போய், நேராகக் குழப்பமே வரலாம். உடனே விரலில் குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே என்றால் மூன்று, நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் மறுபடி பாருங்கள். ஏறியதும் சாப்பிட வையுங்கள். மயங்கியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், புரையேறிவிடும், 108-ஐ அழையுங்கள். சர்க்கரை சரியாக இருந்தும் பேச்சு குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம், அப்போதும் தாமதம் கூடாது.

அப்புறம் இன்னொரு தவறு, அமாவாசை விரதத்தன்று வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொள்வது. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவை நாம் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் இன்சுலினைச் சுரக்க வைக்கும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு அதன் வேகம் இன்னும் நீளும். விரதத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

எண்பது வயதுக்காரரின் ஹெச்பிஏ1சியை, அதாவது மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் அளவை, 6 சதவீதத்துக்குக் கொண்டுவரப் பாடுபடுவதும் வேண்டாத வேலை. அமெரிக்காவிலும் கனடாவிலும் நடந்த அக்கார்டு ஆய்வில் அப்படி இறுக்கிக் குறைத்தபோது இறப்பு கூடியதால், 2008-ல் அந்தச் சிகிச்சையை நிறுத்தினார்கள். நினைவாற்றலுக்கும் அதனால் லாபமில்லை என்று 2011-ல் தெரிந்தது. பல நோய்களோ மறதியோ உள்ள முதியவர்களுக்கு 8-க்குள் இருந்தால் போதும் என்கிறது அமெரிக்க நீரிழிவுச் சங்கம்.

அதற்காக மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். வருடக்கணக்கில் ஏறிக்கிடக்கும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்களைக் கெடுக்கும். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையை நீண்ட நாள் எடுப்பவர்கள் வைட்டமின் பி12 அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். அது குறைந்தாலும் மறதி வரும், ஆனால் சரிசெய்ய வழி உண்டு.

மறதி ஏற்கெனவே தொடங்கிவிட்டதா? அப்படியானால் மருந்தை அவர் பொறுப்பில் விடாதீர்கள். காலையில் போட்டதை மறந்து பத்து மணிக்கு இன்னொன்று போட்டுக்கொள்வார்கள். கிழமைவாரியாக அறை பிரித்த மாத்திரை டப்பா ஒன்று வாங்கி, நீங்களே நிரப்பி வையுங்கள்.