பழைய அவுட்போர்டு எஞ்சினுக்கு டைமிங் வைக்கும் முறை

மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் ஆனி, ஆடி மாதங்களில் குமரிக் கடற்கரையின் கடியபட்டணத்திலோ குறும்பனையிலோ வள்ளம் இறக்குவதைப் பார்த்தவர்களுக்கு, வள்ளத்தின் பின்புறம் மாட்டும் அவுட்போர்டு எஞ்சின் முதல் இழுப்பிலேயே பிடிக்க வேண்டியதன் அருமை தெரியும். ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையில் கிடைக்கும் சில நொடிகளில் எஞ்சின் உதறி நின்றுவிட்டால் வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிவிடும். பிறகு வலையைக் காப்பதா, ஆளைக் காப்பதா என்ற நிலை வந்துவிடும். அப்படி நின்றுபோகும் எஞ்சினைக் கரைக்குக் கொண்டுவந்ததும் பெரும்பாலோர் முதலில் கழற்றுவது கார்புரேட்டரைத்தான். ஆனால் பழைய எஞ்சின்களில் குறை பல வேளைகளில் மேலே சுழலும் காந்தச் சக்கரமான ஃபிளைவீலுக்கு அடியில், தீப்பொறி விழும் நேரத்தில், அதாவது டைமிங்கில் இருக்கிறது.

இங்கே சொல்லப்போவது திறக்கும் நொடியில் தீப்பொறியை விழவைக்கும் தொடுமுனையான பாயிண்டும், அதன் முகம் கருகாமல் காக்கும் கண்டன்சரும் உள்ள பழைய இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின்களுக்கான முறை. சி.டி.ஐ. என்ற மின்னணுத் தீப்பொறி அமைப்பு வைத்த பிற்கால எஞ்சின்களில் பாயிண்டே கிடையாது என்பதால் அவற்றுக்கு இது பொருந்தாது.

நிமிடத்திற்கு 5000 சுற்று ஓடும் எஞ்சினில் ஒரு முழுச் சுற்று 12 மில்லி விநாடியில் முடிந்துவிடுகிறது. சிலிண்டருக்குள் கலவை எரிந்து அழுத்தம் ஏறுவதற்குச் சிறிது நேரம் தேவைப்படுவதால், பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்பே தீப்பொறி விழ வேண்டும். அது அளவுக்கு மீறி முந்தினால் ஸ்டார்ட் கயிறு கையை உதைக்கும், ஓட்டத்தில் தட்டல் ஒலி கேட்கும், நாளடைவில் பிஸ்டன் தலையில் ஓட்டையே விழலாம். பிந்தினால் எஞ்சின் சூடேறும், இழுவை குறையும், எண்ணெய் வீணாகும். பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டும் நம் வழக்கத்தில், டைமிங் முந்துவதற்கு இன்னும் கூடுதலாக அஞ்ச வேண்டும். ஏனெனில் பெட்ரோலைவிட மண்ணெண்ணெய் எளிதில் தட்டல் கொடுக்கும்.

வேலையைத் தொடங்கும் முன் பிளக்குகளைக் கழற்றி, பிளக் வயர்களை எஞ்சின் உடலோடு சேர்த்து எர்த் செய்துவிட வேண்டும். ஃபிளைவீல் நட்டைக் கழற்றிய பின் புல்லரைப் பொருத்தியே சக்கரத்தை எழுப்ப வேண்டும். சுத்தியலால் விளிம்பில் தட்டி எழுப்பும் பழக்கம் கிராங்கின் நேரையும் பேரிங்கையும் கெடுக்கும், காந்தத்தின் வலுவையும் குறைக்கும் என்பதால் அதை அறவே விட்டுவிடுவது நல்லது.

சக்கரம் வந்ததும் பாயிண்டைப் பார்ப்பதற்கு முன்னால் கிராங்கில் பதிந்திருக்கும் கீ என்ற சிறு உலோகத் துண்டைப் பார்க்க வேண்டும். ஒருமுறை என்னிடம் வந்த எஞ்சினுக்கு இரண்டு இடங்களில் கார்புரேட்டரும் காயிலும் மாற்றப்பட்டிருந்தன; அப்படியும் கயிறு உதைப்பது நிற்கவில்லை. கீயை எடுத்து உள்ளங்கையில் வைத்து நகத்தால் தடவியபோது, அதன் நடுவில் ஒரு படிக்கட்டு போல நகம் தடுக்கியது. மேல்பாதி ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு, பாதி அறுந்த நிலையில் அது இருந்தது. சக்கரமும் அதோடு நகர்ந்துவிட்டது. கண்ணுக்கு எளிதில் தெரியாத அந்த விலகல் போதும், மற்ற எல்லாச் சரிசெய்தலும் வீணாவதற்கு. கீ புதிதாக இருக்க வேண்டும். சக்கரத்தின் கூம்புத் துளையும் கிராங்கின் கூம்பும் எண்ணெய்ப் பசை இன்றித் துடைக்கப்பட்டிருக்க வேண்டும். சக்கரத்தைப் பிடித்து நிறுத்துவது அந்தக் கூம்பின் இறுக்கம்தான். கீ இடத்தைக் காட்டுவதற்கு மட்டுமே.

அடுத்து பாயிண்ட். முகம் லேசாகக் கருத்திருந்தால் பாயிண்ட் அரத்தால் இரண்டு இழுப்பு போதும். எமரி தாள் போட்டால் அதன் துகள் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். குழியும் மேடுமாக இருந்தால் பாயிண்டோடு கண்டன்சரையும் மாற்றுவதே சரி. பிறகு பாயிண்டின் குதி, கிராங்கோடு சுற்றும் கேமின் மேட்டில் ஏறும்வரை கிராங்கைச் சுற்றி, ஃபீலர் கேஜால் இடைவெளியை அளக்க வேண்டும். ஜப்பான் சிறு எஞ்சின்கள் பலவற்றில் இது 0.3 முதல் 0.4 மி.மீ. வரை, பழைய ஜான்சன், எவின்ரூட் எஞ்சின்கள் பலவற்றில் 0.020 அங்குலம், அதாவது ஏறத்தாழ 0.5 மி.மீ. எஞ்சினின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது. இடைவெளி கூடினால் பாயிண்ட் முன்னதாகத் திறக்கும், டைமிங் முந்தும், குறைந்தால் பிந்தும். எனவே இடைவெளியை வைக்காமல் டைமிங்கைத் தொடுவது, அளவுகோலையே தவறாகப் பிடித்துக்கொண்டு பலகை அறுப்பதற்குச் சமம். கேஜில் இருந்த எண்ணெய் பாயிண்டில் ஒட்டியிருக்கும் என்பதால், சுத்தமான வெள்ளை அட்டைத் துண்டை இடையில் வைத்து, அழுக்குப் படாமல் வரும்வரை இழுத்து எடுக்க வேண்டும்.

இனி டைமிங். பிஸ்டனின் நகர்வை அளக்கும் டயல் கேஜைப் பிளக் துளையில் பொருத்தி, சக்கரத்தைக் கீயோடு மேலே வைத்து, எஞ்சின் ஓடும் திசையிலேயே கையால் சுற்ற வேண்டும். மேலிருந்து பார்க்கும்போது பெரும்பாலான எஞ்சின்களுக்கு அது கடிகார முள் திசை. பின்னோக்கிச் சுற்றினால் கீழே வாட்டர் பம்பின் ரப்பர் இறக்கைகள் மடங்கிப் பழுதாகும். முள் நின்று திரும்பும் இடம்தான் பிஸ்டனின் உச்சி. அங்கே டயலைப் பூஜ்யத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பிளக் துளை சிலிண்டருக்கு நேராக இல்லாமல் சாய்ந்திருக்கும் எஞ்சினில் இந்த அளவு பொய்த்துப்போகும்.

கையேட்டில் டிகிரி மட்டும் இருந்தால் அதை மில்லிமீட்டராக மாற்றிக்கொள்ளலாம். உதாரணமாக, ஸ்ட்ரோக் 40 மி.மீ., கனெக்டிங் ராடு நீளம் 80 மி.மீ. என்று கொண்டால், உச்சிக்கு 25 டிகிரி முன்பு பிஸ்டன் 2.32 மி.மீ. கீழே இருக்கும், அந்த இடத்தில் ஒரு டிகிரிக்கு ஏறத்தாழ 0.18 மி.மீ. வித்தியாசம் வரும். தலைமயிர் மூன்றை அடுக்கினால் வரும் கனத்தை ஒட்டிய அளவு அது. கண்மதிப்பு இங்கே உதவாது.

பாயிண்ட் திறக்கும் நொடியை அறிய, மின்தொடர்பு இருக்கும்வரை ஒலிக்கும் மல்டிமீட்டரைப் பாயிண்டில் இணைக்க வேண்டும். பாயிண்டுக்கு வரும் காயில் வயரை முதலில் பிரித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காயில் வழியாகவே தொடர்பு காட்டி மீட்டர் ஏமாற்றிவிடும். ஆக்ஸிலேட்டர் பிடியை முழுவதும் திறந்து, பாயிண்டுகளைத் தாங்கும் மேக்னட் பிளேட் தன் கடைசித் தடுப்பில் மோதி நிற்கும்படி வைத்துக்கொண்டு, கிட்டத்தட்ட ஒரு முழுச் சுற்று சுற்றி, உச்சிக்கு முன்னுள்ள கையேட்டு அளவை நோக்கி மெதுவாக வர வேண்டும். டயல் அந்த அளவைக் காட்டும் அதே கணத்தில் மீட்டரின் ஒலி அறுபட வேண்டும். முன்பே அறுபட்டால் டைமிங் முந்தியிருக்கிறது. தாண்டிய பின் அறுபட்டால் பிந்தியிருக்கிறது. விலகல் சிறிதாக இருந்தால், கையேடு அனுமதிக்கும் எல்லைக்குள் பாயிண்ட் இடைவெளியைக் கூட்டிக் குறைத்தும், பெரிதாக இருந்தால் பிளேட் தடுப்பையோ லிங்க் ராடின் நீளத்தையோ மாற்றியும் சரிசெய்யலாம். மீட்டர் இல்லாத இடத்தில் சிகரெட் தாளைப் பாயிண்டுகளுக்கு இடையில் செருகி மெல்ல இழுத்தபடியே சுற்றினால், பிடி விட்டுத் தாள் வழுக்கும் அந்த நொடியை விரல் தானே சொல்லிவிடும்.

இரண்டு சிலிண்டர் எஞ்சினில் இரண்டு பாயிண்டுகளுக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். ஒன்றை வைத்துவிட்டு மற்றதை ஊகத்தில் விட்டால், ஒரு சிலிண்டர் மட்டும் அடிவாங்கும்.

முடித்ததும் கேமை உரசும் ஃபெல்ட்டில் ஓரிரு துளி எண்ணெய் விட்டு, ஃபிளைவீல் நட்டை டார்க் ரெஞ்சால் கையேட்டு அளவுக்கு முறுக்க வேண்டும். நட்டு தளர்ந்திருந்தால் புதுக் கீயும் அறுந்துபோகும். பிளேட் திரும்பும்போது கார்புரேட்டர் எந்த இடத்தில் திறக்கத் தொடங்குகிறது என்பதையும் குறிக்கு நேராக வைக்க வேண்டும். அது தவறினால் மெதுவோட்டத்திலிருந்து வேகம் எடுக்கும்போது எஞ்சின் இருமும். டிரம் தண்ணீரில் மெதுவோட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு, முழு வேகத்தை வள்ளத்தில் பொருத்தி, அலை அடங்கிய வேளையில் பார்ப்பதே பாதுகாப்பு. வைத்த இடைவெளியையும் டயல் அளவையும் தேதியோடு எஞ்சின் மூடியின் உட்புறம் பெயின்டால் எழுதி வைத்தால், அடுத்த கச்சானுக்கு முன் அதைத் திறப்பவருக்கு எங்கிருந்து தொடங்குவது என்று தெரிந்திருக்கும்.