மாட்டு உண்ணியைக் கையாளும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

காதுமடல், தாடை, மடி, வாலடி: மாட்டைக் கழுவும்போது இங்கெல்லாம் கைவைத்தாலே உண்ணி தட்டுப்படும். ரத்தம் குடித்து ஆமணக்கு முத்துபோலப் பருத்ததைப் பிடுங்கி, இரண்டு கட்டைவிரல் நகங்களுக்கு நடுவே வைத்து நசுக்குவார்கள். முதலில் விட வேண்டிய பழக்கம் அதுதான். உண்ணிக்குள் ரிக்கெட்சியா பாக்டீரியா இருந்தால், நசுங்கும்போது பீறிடும் நீர் நகக்கண்ணில் உள்ள கீறல் வழியாக உடம்புக்குள் போகும். அதே கையால் கண்ணைக் கசக்கினாலும் போகும். கடி படாமலே காய்ச்சல் வர இது போதும். கையுறை போட்டு இடுக்கியால் எடுத்து, சர்ஜிக்கல் ஸ்பிரிட் ஊற்றிய மூடிபோட்ட பாட்டிலில் போடுங்கள். உயிரோடு கொட்டகையில் எறிந்தால், பருத்த ஒரு பெண் உண்ணி சுவர் விரிசலில் புகுந்து 2000 முட்டைகளுக்கு மேல் இடும்.

மனித உடம்பில் ஒட்டிய உண்ணிக்குப் பீடி நெருப்பு, மண்ணெண்ணெய், சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். சீண்டப்பட்ட உண்ணி எச்சிலைக் கடிவாயிலேயே கக்கிவிடக்கூடும். தோலை ஒட்டி, அதன் வாய்ப்பகுதியை இடுக்கியால் பிடித்து, திருகாமல் நேராக மேலே இழுத்து, சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

மருந்து அடிப்பதிலும் சிக்கனம் பார்க்கிறார்கள். 12.5 சதவீத அமிட்ராஸ் உண்ணி மருந்து என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2 மில்லி. வளர்ந்த மாடு நன்றாக நனைய 3 லிட்டராவது பிடிக்கும். அளவைக் குறைத்தால் தப்பிய உண்ணிகள் மருந்துக்குப் பழகிவிடும். முதுகில் மட்டும் தெளித்துவிட்டுத் தொடையிடுக்கை விடுவதும், மாட்டுக்கு அடித்த அன்றே கொட்டகைச் சுவருக்கு அடிக்காததும் வீண் வேலை. முட்டை இருப்பது சுவரில்தானே! மறுபடி எப்போது அடிப்பது என்பதைக் கால்நடை மருத்துவரிடம் கேட்டு நாள் குறித்துக்கொள்ளுங்கள்.

உண்ணியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தால் கியூ காய்ச்சலைத் தவறவிடுவோம். அதன் பாக்டீரியாவான காக்ஸியெல்லா உண்ணியிலும் உண்டு. ஆனால் மனிதரை அது அதிகம் அடைவது ஆடு மாடு ஈனும்போது வரும் பனிக்குட நீர், நஞ்சுக்கொடி வழியாக. அவை காய்ந்து தூசியானாலும் மூச்சோடு உள்ளே போகும். நெதர்லாந்தில் 2007 முதல் 2010 வரை 4000 பேருக்கு மேல் பாதிக்கப்பட்டதற்குப் பால் ஆட்டுப் பண்ணைகளே காரணம். நஞ்சுக்கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் தொங்கவிடும் வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விட்டு, நாய் தோண்டாத ஆழத்தில் புதையுங்கள். விழாத கொடியை வெறுங்கையால் இழுக்காதீர்கள். கர்ப்பிணிகளும் இதய வால்வு கோளாறு உள்ளவர்களும் ஈற்று வேலைக்கு அருகிலேயே போக வேண்டாம். பாலைக் காய்ச்சாமல் குடிக்காதீர்கள்.

மாட்டுக்கு உண்ணி பரப்பும் அனபிளாஸ்மா நோய் என்றதும் வீட்டாருக்கும் தொற்றிவிடும் என்று பதறுகிறார்கள். மாடுகளைத் தாக்கும் அனபிளாஸ்மா மார்ஜினேல் மனிதருக்கு வராது.

பெயரிலும் ஒரு குழப்பம். செய்தித்தாள்கள் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று எழுதும் ஸ்க்ரப் டைபஸ், புதரில் இருக்கும் நுண்ணிய சிலந்திப்பேன் குஞ்சால் வருவது. மாட்டு உண்ணியால் அல்ல. ஸ்க்ரப் டைபஸ், உண்ணியால் வரும் ரிக்கெட்சியா காய்ச்சல் இரண்டுக்கும் டாக்சிசைக்ளின் மருந்து கேட்கும். பென்சிலின் வகை மருந்துகள் கேட்காது. முதல் வாரத்தில் இந்தக் காய்ச்சல்களுக்கான வெயில்-ஃபீலிக்ஸ் ரத்தப் பரிசோதனை நெகட்டிவ் என்று வந்தாலும் நோய் இல்லை என்று ஆகாது. அதனால் காய்ச்சலும் தலைவலியும் வந்து, உள்ளங்கையிலோ உள்ளங்காலிலோ சிவப்புப் புள்ளிகள் தெரிந்தால், மாத்திரைக் கடையில் நிற்காமல் மருத்துவரிடம் போங்கள். அவர் கேட்காவிட்டாலும் முதலிலேயே சொல்லுங்கள்: “வீட்டில் மாடு இருக்கிறது, இரண்டு வாரத்துக்குள் உண்ணி பிடுங்கினேன்.”