வீட்டுக்குள்ள இஞ்சி வளர்க்க எந்த கலர் லைட் போடணும்?

வெயில் பத்தாத ரூம்ல, தொட்டியில இஞ்சி வளர்க்கிறவங்களுக்காக இந்தப் பதிவு. விதை இஞ்சி வெட்டுறது, மண் கலவை இதெல்லாம் தெரிஞ்சிருக்கும், அதனால நேரா லைட்டுக்கே வந்துடுறேன்.

1. முளை வர்ற வரைக்கும் லைட்டே வேணாம். அப்போ அதுக்குத் தேவை சூடுதான், மண்ணு 25 டிகிரிக்குக் கீழ போகாம பாத்துக்கோங்க. பச்சை முளை மண்ணுக்கு மேல தலைகாட்டின அன்னைக்கு ஆன் பண்ணா போதும்.

2. முதல் மூணு நாலு மாசம் கூல் வைட் எல்இடி, 5000லேர்ந்து 6500 கெல்வின் (வெளிச்சத்தோட நிறத்துக்கான அளவு, எண் கூடக்கூட நீலம் கூடும்) வரைக்கும் எதுவா இருந்தாலும் ஓகே. இதுல நீலம் ஜாஸ்தி. 450 நானோமீட்டர் (ஒளி அலையோட நீளம், அதை வெச்சுத்தான் நிறத்தைச் சொல்றது) பக்கத்துல இருக்கிற அந்த நீலம்தான் தண்டு கண்டபடி நீளாம பிடிச்சு வைக்கும், இலைத்துளைகளையும் திறக்க வைக்கும். 660 பக்கத்துல இருக்கிற சிவப்பு ஒளிச்சேர்க்கைக்கு ரொம்ப நல்லதுதான், ஆனா சிவப்பை மட்டும் தனியா குடுத்தீங்கன்னா செடி ஒல்லியா நீண்டு சாய ஆரம்பிச்சிடும்.

3. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கிறாங்க, நானும் இதுலதான் ரொம்ப நாள் முழிச்சேன். க்ரோ லைட்னு, அதாவது செடி வளர்க்கிற லைட்னு தேடினா ஊதா கலர்ல ஒரு பேனல் வரும் இல்லையா, பச்சையம் நீலத்தையும் சிவப்பையும்தான் அதிகமா உறிஞ்சும்ங்கிற கணக்குல செஞ்சது அது. கணக்கு சரி, செடியும் வளரும். ஆனா அந்த வெளிச்சத்துல இலையோட உண்மையான நிறமே தெரியாது, எல்லாமே கறுப்பு மாதிரி இருக்கும், இலை வெளுக்குதா, ஓரம் கருகுதா, பூச்சி உக்காந்திருக்கான்னு லைட்டை அணைச்சுட்டு டார்ச் அடிச்சாத்தான் கண்ணுக்குப் படும். அதோட பச்சை வெளிச்சம் வேஸ்ட்னு சொல்றதை நம்பாதீங்க, மேல் இலையைத் தாண்டி அடியில இருக்கிற இலை வரைக்கும் போறது அதுதான், இஞ்சி மாதிரி புதரா அடர்ந்து வர்ற செடிக்கு அது வேணும். வெள்ளை லைட்ல மூணு கலரும் இருக்கு. என் ஓட்டு வெள்ளைக்குத்தான்.

4. உயரம். இஞ்சி நிழல் தாங்குற செடி, லைட்டை ரொம்பக் கிட்ட வெச்சா இலை சுருண்டு ஓரம் காயும், அப்படி ஆச்சுன்னா கொஞ்சம் மேல ஏத்துங்க. அப்புறம், லுமன் பாத்து மட்டும் வாங்காதீங்க, அது மனுஷக் கண்ணுக்கு எவ்வளவு வெளிச்சமா தெரியும்ங்கிற அளவு.

5. கிழங்கு பருக்கிற கட்டத்துல வார்ம் வைட், 3000 கெல்வின், இதுல சிவப்புப் பங்கு கூடும். ஆனா இந்த நேரத்துல கலரை விட மணிக்கணக்குதான் முக்கியம். பகல் நீளமா இருந்தா இஞ்சி தண்டும் இலையுமா போடும், பகல் சுருங்கினாத்தான் கிழங்கு பெருக்கும். அதனால முதல் மூணு நாலு மாசம் லைட் தினமும் 15, 16 மணி நேரம் எரியட்டும், அப்புறம் மெதுவா 11, 12க்கு இறக்குங்க. டைமர் கண்டிப்பா வாங்கிடுங்க, கையால போட்டு அணைச்சா ஒழுங்கு நிக்காது.

பிறகு சேர்த்தது: டைமர் போட்டும் கிழங்கு பெருக்கலைன்னு சிலர் எழுதியிருந்தீங்க. தொட்டி இருக்கிற ரூம்ல ராத்திரி வரைக்கும் சாதா லைட் எரியுதான்னு பாருங்க, செடிக்கு அதுவும் பகல்தான். ஒரு அட்டையோ துணியோ வெச்சு மறைச்சிடுங்க.

இன்னொண்ணு: கிழங்கு மேல பச்சையா மாறுதுன்னு கேட்டிருந்தாங்க. லைட் கலருக்கும் அதுக்கும் சம்பந்தமில்ல, மண்ணு விலகி கிழங்கு மேல வெளிச்சம் படுது, அவ்ளோதான். மண் அணைச்சு விடுங்க. காரம், நார் ரெண்டும் முதிர்ச்சியைப் பொறுத்தும் மாறும், இளசா வேணும்னா 5, 6 மாசத்துல எடுத்துக்கலாம், முத்தல் வேணும்னா 8 மாசத்துக்கு மேல, இலை மஞ்சளாகி சாயுற வரைக்கும் விட்டுட்டு, தண்ணியை நிறுத்தி, அப்புறம் தோண்டுங்க.