பாம்பு அடையாளம்: நாம் வழுக்கும் இடங்கள்

தமிழ்நாட்டில் உயிருக்கு ஆபத்தான கடிகளில் பெரும்பாலானவை நான்கே பாம்புகளால் வருபவை: நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன். நான்குதானே, அடையாளம் கண்டுவிடலாம் என்ற துணிச்சலில்தான் பல தவறுகள் தொடங்குகின்றன. பாம்பை அடையாளம் தெரிந்துவைத்திருப்பது விலகி நிற்பதற்குப் பயன்படும். கடி வாங்கியவரை "இது சாரைதான், ஒன்றும் ஆகாது" என்று வீட்டிலேயே உட்காரவைக்க அதைப் பயன்படுத்தக் கூடாது.

"தலை முக்கோணமாக இருந்தால்தான் விஷம்"

கண்ணாடி விரியனுக்குத் தலை முக்கோணம்தான். ஆனால் கட்டு விரியனின் தலை கழுத்தோடு கழுத்தாக இழைந்திருக்கும். நல்ல பாம்பும் படம் எடுக்காத நேரத்தில் சாதுவாகத்தான் தெரியும். ஓடும்போது அது படம் எடுப்பதில்லை. மறுபக்கம், விஷமில்லாத தண்ணீர்ப் பாம்பு மிரண்டால் கழுத்தைத் தட்டையாக்கிக் குட்டி நாகம் போல நிற்கும். ஒற்றை அடையாளத்தை மட்டும் நம்பினால் இரண்டு பக்கமும் அடி வாங்க வேண்டியதுதான்.

அதிகம் குழப்புவது கட்டு விரியனும் விஷமில்லாத வெள்ளிக்கோல் வரையனும். இரண்டும் இரவில் வீட்டுக்குள் வரும், இரண்டுக்கும் வெள்ளைக் கட்டுகள் உண்டு. வெள்ளிக்கோல் வரையனுக்குக் கட்டுகள் கழுத்திலேயே தொடங்கி வால் பக்கம் மங்கிவிடும்; உடல் பழுப்பு. பல்லி தேடிச் சுவரிலும் ஏறும். கட்டு விரியன் பளபளக்கும் கருநீலக் கறுப்பு. தலைக்குப் பின்னால் கொஞ்ச தூரம் வெறுமையாக இருந்து, பிறகு மெல்லிய கட்டுகள் பெரும்பாலும் இரண்டிரண்டாக, வால் வரை தெளிவாகப் போகும். முதுகின் நடுவரிசைச் செதில்கள் பெரிதாக அறுகோண வடிவில் இருக்கும். ஆனால் இதைப் பார்க்குமளவு நெருங்கினால் ஏற்கெனவே தவறு செய்தாயிற்று. (பெயரில் விரியன் இருந்தாலும் கட்டு விரியன் நாகத்தின் குடும்பம். அதன் விஷம் நரம்பைத் தாக்கும்.)

அடுத்த குழப்பம் கண்ணாடி விரியன். குட்டி மலைப்பாம்பு என்றோ மண்ணுளி என்றோ நினைத்துக் கையில் எடுப்பவர்கள் உண்டு. விரியனின் முதுகில் மூன்று வரிசையாக, ஓரம் கறுத்த முட்டை வடிவப் புள்ளிகள் சங்கிலி போல ஒழுங்காக ஓடும். மண்ணுளிக்குத் திட்டுகள் கோணல்மாணலாக இருக்கும், வால் குட்டையாக மழுங்கியிருக்கும். மலைப்பாம்பின் திட்டுகளும் ஒழுங்கற்றவை. பிரஷர் குக்கர் விசில் போல நீளமாகச் சீறினால் அது கண்ணாடி விரியன்தான் என்று வைத்துக்கொண்டு பின்வாங்குங்கள். இது முட்டையிடாமல் குட்டி போடும், ஒரே ஈற்றில் 20 முதல் 40 வரைகூட. குட்டிக்கும் பிறந்த அன்றே விஷம் உண்டு.

சுருட்டை விரியன் பெரும்பாலும் ஒரு முழம்கூடத் தேறாது. சுருண்டு, செதில்களை உரசி 'சரசர'வென்று ஒலி எழுப்பும். சின்னப் பாம்புதானே என்று செருப்புக் காலால் தள்ளுவது மோசமான தவறு.

கட்டுக்கதைகளால் செத்துப்போகும் பாம்புகள்

கொம்பேறி மூக்கன் கடித்துவிட்டு மரமேறிச் சுடுகாட்டுப் புகையைப் பார்க்குமாம். அது மரத்தில் வாழும் விஷமில்லாத பாம்பு. மரமேறாமல் வேறு எங்கே போகும்? பச்சைப் பாம்பு கண்ணைக் குறிபார்ப்பதில்லை. அதன் விஷம் மனிதருக்கு ஆபத்தில்லாத அளவு லேசானது. நாகமும் சாரையும் பிணைகின்றன என்று துணி போடப் போகிறார்களே, அங்கே நடப்பது பெரும்பாலும் இரண்டு ஆண் சாரைகளின் மல்யுத்தம். சாரையை அடித்துவிட்டால் அது தின்ன வேண்டிய எலி பெருகும். எலியைத் தேடி நல்ல பாம்பு வரும்.

பூண்டு, பினாயில், சிறியாநங்கைச் செடி எதுவும் பாம்பைத் தடுக்காது. எலியையும் இடுக்கையும் ஒழிப்பதே தடுக்கும். விறகையும் செங்கல்லையும் சுவரை ஒட்டி அடுக்காதீர்கள். கோழிக்கூடு படுக்கையறையை ஒட்டி இருக்க வேண்டாம். கதவுக்கு அடியில் விரல் நுழைந்தால் குட்டிப் பாம்பும் நுழையும். ரப்பர் பட்டை அடியுங்கள். சாக்கடைக் குழாய் வாயில் வலை போடுங்கள்.

தரையில் பாய் விரித்துப் படுப்பவர்களுக்குக் கொசுவலைதான் மருந்து. ஆனால் வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் சுற்றிலும் செருக வேண்டும், தொங்கவிட்டால் பயனில்லை. கட்டு விரியன் தூங்குபவரைக் கடிக்கும்போது பெரும்பாலும் வலியே இருக்காது, பல் தடமும் தெரியாமல் போகலாம். விடியற்காலையில் காரணமில்லாமல் வயிறு வலித்து, இமை சொருகி, பேச்சு குழறினால் "அஜீரணம்" என்று சோடா குடிக்கக் கொடுத்து நேரத்தை விடாதீர்கள்.

வீட்டுக்குள் வந்துவிட்டால்

அடிக்கப் போவதும், போனை நீட்டி வீடியோ எடுப்பதும்தான் கடி வாங்கும் வழிகள். ஆறடி தள்ளி நின்று ஒருவர் அதன் மேலேயே கண் வைத்திருக்கட்டும். உள்ளறைக் கதவுகளை மூடி, அடியில் பழைய புடவையைச் செருகுங்கள். வெளிக்கதவைத் திறந்துவையுங்கள். போகாவிட்டால் தீயணைப்புத் துறைக்கு 101. செத்த பாம்பையும் கையால் எடுக்காதீர்கள். வெட்டுண்ட தலையும் சிறிது நேரம் கடிக்கும்.

கடித்த பின் நடக்கும் தவறுகள்

கயிற்றால் இறுகக் கட்டுவது, பிளேடால் கீறுவது, வாயால் உறிஞ்சுவது மூன்றும் கெடுதல். சுருட்டை, கண்ணாடி விரியன் விஷத்தில் ரத்தம் உறையாது. அந்த நிலையில் கீறினால் ரத்தத்தை நிறுத்த முடியாது. இறுக்கிய கட்டு காலையே அழுகவைக்கும். மோதிரம், மெட்டி, கொலுசைக் கழற்றுங்கள், வீக்கம் வந்தால் அவையே கட்டாகிவிடும். எலும்பு முறிந்தவருக்குச் செய்வது போல மட்டையோடு தளர்வாகக் கட்டி, அசையாமல் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரத் தாமதமானால் பைக்கில் ஓட்டுபவருக்கும் இன்னொருவருக்கும் நடுவில் உட்காரவைத்துக் கொண்டுபோகலாம். நடக்கவிடக் கூடாது.

பாம்பைத் தேடி அடித்துச் சாக்கில் போட்டுக் கொண்டுபோக வேண்டியதில்லை. இங்கே கிடைக்கும் விஷமுறிவு மருந்து நான்கு பாம்புகளுக்கும் பொதுவான ஒரே மருந்து. மாமல்லபுரம் அருகே வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் எடுக்கும் விஷத்திலிருந்துதான் பெரும்பாலும் அது தயாராகிறது. ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கத்துக் குழிவிரியன்களுக்கு (இந்த நான்கில் சேராத வேறு விரியன்கள்) அது வேலை செய்யாது. அங்கே தேயிலை, காபித் தோட்டங்களில் கடி வாங்கியவர்கள் எந்த இடத்தில், எந்த உயரத்தில், செடியிலா தரையிலா என்பதை மருத்துவரிடம் சொல்வது உதவும்.

ஆஸ்பத்திரியில் "வந்து அரை மணி ஆச்சு, இன்னும் ஊசி போடலையே" என்று சண்டை போடுவதும் தவறுதான். விஷம் ஏறிய அறிகுறி இருந்தால்தான் மருந்து போட வேண்டும். சில கடிகளில் விஷமே இறங்காது. மருந்துக்கோ கடுமையான ஒவ்வாமை வரலாம். 2 மில்லி ரத்தத்தைச் சுத்தமான கண்ணாடிக் குழாயில் எடுத்து 20 நிமிடம் அசைக்காமல் வைத்து, உறைகிறதா என்று பார்ப்பார்கள். தேவைப்பட்டால் திரும்பவும் எடுப்பார்கள். அறிகுறி இல்லாவிட்டாலும் 24 மணி நேரம் கண்காணிப்பில் இருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்தில் கிளம்பிவிடாதீர்கள்.

மருந்து தேவை என்றானால் தொடக்கத்திலேயே 8 முதல் 10 குப்பிகள் ஏறும். "குழந்தைக்கு இவ்வளவா?" என்று தடுக்காதீர்கள். பாம்பு ஆளைப் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லை, அதனால் குழந்தைக்கும் பெரியவருக்கும் அதே அளவுதான். வீடு திரும்பிய பின் இரண்டு வாரம் வரை காய்ச்சல், மூட்டு வலி, தடிப்பு வந்தாலோ, சிறுநீர் குறைந்தாலோ அதே ஆஸ்பத்திரிக்குத் திரும்பப் போங்கள்.